மடக்குக் கத்தியும் வசந்தாவோட பலாமரமும்

ஒட்டுக் கட்டின செடி மேல மாட்டியிருந்த குச்சி ஐஸ் கவரை மெதுவா உருவினேன். உள்ள இருந்த பலாக்குச்சி கறுத்துப் போயிருந்துச்சு. விரல் பட்டதும் கழண்டு மடியில விழுந்துச்சு. அடுத்த செடியோட கவரை உருவினேன். அதுவும் அப்படித்தான். அதுக்கு அடுத்ததும்.

கடலூர்ல எங்க வீட்டுப் பின்பக்கம் பச்சை வலை கட்டி, அதுக்குக் கீழ செடிப் பைகளை வரிசையா அடுக்கி வச்சிருப்பேன். அங்க முக்காலி போட்டு உக்காந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி, துணி துவைக்கிற கல்லு பக்கத்துல என் நாத்தனார் வசந்தா நிக்கறா. கிட்ட வரல. "போச்சா அண்ணி?"ன்னு மட்டும் கேட்டா.

நான் ஒரு குச்சியை எடுத்து மோந்து பாத்தேன். புளிச்ச வாடை அடிச்சுது. யாரோ என்னமோ பண்ணியிருக்காங்கன்னு அந்த நிமிஷம் மனசுல விழுந்துச்சு. எனக்கு அப்படி ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் சோறு இறங்காது.

பரம்பரை வியாதி

போன வாரம் இதே பக்கத்துல பால்காரர் மேல நான் பட்ட சந்தேகத்தை எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு எங்க வீட்டுக்காரரு, "ஊர்ல ஒருத்தரையாவது விட்டு வையேம்மா"ன்னாரு. நான் என்ன பண்றது, இது எங்க குடும்பத்துலயே இருக்கு.

எங்கப்பா பண்ருட்டியில பலாப்பழ வியாபாரம் பண்ணவரு. பழம் பழுத்துதான்னு காட்டறதுக்கு, விக்கிறவங்க முக்கோணமா ஒரு துண்டு வெட்டி எடுத்து நீட்டுவாங்க. மத்தவங்க எல்லாம் அந்தத் துண்டை வாங்கி மோந்து பாத்துட்டு விலை பேசுவாங்க. எங்கப்பா அந்தத் துண்டை மறுபடியும் ஓட்டையில வச்சுப் பொருத்திப் பாப்பாரு. இந்தத் துண்டு இந்தப் பழத்தோடதுதானான்னு அவருக்கு ஒரு டவுட்டு. பொருந்தினாலும் முகம் தெளியாது.

அந்த மனுஷனுக்குப் பொறந்தவ நான். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட ஒரு செருப்பு மட்டும் ஓரமா தேஞ்சிருந்ததைப் பாத்துட்டேன். காலு சாய்வோன்னு கல்யாணத் தேதி வரைக்கும் எனக்குத் தூக்கமே இல்ல. அது அவரோட சிநேகிதர் செருப்பாம். அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டாராம். அதைக்கூட நான் உடனே நம்பல. அந்த சிநேகிதர் வீட்டுக்கு வந்தப்ப அவரு நடக்கறதைப் பாத்துட்டுத்தான் நம்பினேன்.

ஒட்டுக் கட்டற வேலை

நான் நர்சரி வச்சிருக்கேன்னு சொன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. பின்பக்கத்துல நாலு வரிசை செடி, அவ்வளவுதான். பிள்ளைங்க வேலைக்குப் போனப்புறம் ஒரு ட்ரெய்னிங்ல சேந்து ஒட்டுக் கட்டக் கத்துக்கிட்டேன். மா, முந்திரி, பலா எல்லாம் கட்டுவேன்.

வேலை பாக்கறதுக்கு ஈஸியா இருக்கும். கொட்டை போட்டு முளைச்ச சின்னச் செடியோட தலையை வெட்டிட்டு, தண்டை நடுவுல பிளக்கணும். நமக்கு எந்த மரம் வேணுமோ அந்த மரத்துக் குச்சியை ரெண்டு பக்கமும் சீவி, ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவுல சொருகணும். பாலிதீன் நாடாவை இறுக்கிச் சுத்தி, மேல குச்சி ஐஸ் கவரை மாட்டிடணும். சீவின இடமும் பிளந்த இடமும் இடுக்கே இல்லாம உக்காந்தா குச்சி துளுக்கும். நடுவுல காத்து நின்னா அழுகிப் போயிடும். மாவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் தாங்கிக்கும். பலா தாங்காது.

இதுக்குன்னு ஒரு மடக்குக் கத்தி இருக்கு. விரல் நீளம்தான் இருக்கும், சட்டைப் பையில அடங்கிடும். மத்த கத்திக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். இதுக்கு ஒரு பக்கம்தான் சரிவு. மறுபக்கம் பலகை மாதிரி தட்டையா இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் குச்சி மேல படிஞ்சு போனாத்தான் சீவின இடம் நேரா வரும். அதனால தீட்டும்போது சரிவுப் பக்கத்தை மட்டும்தான் கல்லுல தேய்க்கணும்.

வீட்ல இருக்கற சாணைக்கல்லுல வாரத்துக்கு ஒருக்கா நானே தீட்டி, பிஸ்கெட் டப்பாவுல போட்டு வைப்பேன். எங்க வீட்டுக்காரரு ஒயர்மேன் வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. பல வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் என் கத்தியை எடுத்து ஃபேன் ஒயரைச் சீவிட்டாரு. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் எங்க வாசல் பக்கம் வர்றதையே நிறுத்திடுச்சு. அதுலேர்ந்து அந்த டப்பாவை யாரும் தொடக் கூடாதுன்னு சட்டம். வசந்தாவுக்கும் அது தெரியும்.

வசந்தா வந்த கதை

வசந்தா எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. சிதம்பரத்துல குடுத்த பொண்ணு. அவளும் அவ புருஷனும் வீட்லயே மெஸ் வச்சு நடத்தினாங்க. படிக்கிற பசங்க, ஆபீஸ்ல வேலை பாக்கறவங்கன்னு காலையில இட்லி கொத்சுக்கே வாசல்ல கூட்டம் நிக்கும். அவ புருஷன் திடீர்னு போயிட்டாரு. கொஞ்ச நாள்ல மெஸ்ஸும் நின்னுச்சு. அவ கொழுந்தன் சேகர் பாகம் பிரிச்சு வீட்டை வித்துட்டாரு.

அந்த வீட்டு அடுப்பங்கரைக்குப் பின்னால ஒரு பலாமரம். மெஸ்ல அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி எல்லாத்தையும் வசந்தா அந்த மரத்துக்குத்தான் ஊத்துவா. பழம் அப்படி இருக்கும். நான் பண்ருட்டிக்காரி, ஊர்ப்பட்ட பலாப்பழம் தின்னவ. நானே சொல்றேன், அந்தச் சுளைக்குக் கிட்ட எதுவும் வராது.

வீட்டை வாங்கினவங்க ஆவணியில பூமி பூஜை போட்டு மரத்தை வெட்டப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. வசந்தா கோடையில ஒரு பெட்டியும் ஈரச்சாக்குல சுத்தின பலாக்குச்சியுமா எங்க வீட்டுக்கு வந்து இறங்கினா. புவனகிரியில அவ மகளும் மருமகனும் வீடு கட்டிக்கிட்டிருந்தாங்க. அது முடியற வரைக்கும் இங்க இருக்கலாம்னு ஏற்பாடு. புது வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருக்காம். அங்க வைக்க அந்த மரத்தோட ஒரு கன்னு வேணும்.

"அந்த வீட்ல இது என்னோடதுன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் அண்ணி இருந்துச்சு"ன்னா. மத்தபடி அவ எதையும் கேக்கல.

அன்னைக்கே குச்சி சீவ உக்காந்தேன். கத்தி மொன்னையா இருக்கு, கை வலிக்குதுன்னு நான் முணுமுணுத்ததும், வசந்தா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கு.

யாரையும் விடல

முதல்ல கட்டின ஒட்டு மொத்தமும் போச்சு. கத்திரி வெயில், அதான்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். வசந்தா மறுபடியும் சிதம்பரம் போய் குச்சி கொண்டாந்தா. லேசா மழை விழுந்து காத்து குளுந்தப்புறம் கட்டினேன். மேல சொன்னேன் பாருங்க, கறுத்துப் போய் மடியில விழுந்துச்சுன்னு, அது அந்த ரெண்டாவது தடவை. வெயில் மேல பழி போட வழியில்ல. என் கை மேலயும் போட முடியாது, இந்தக் கை கட்டினது முக்காவாசி துளுக்கும்னு ஊருக்கே தெரியும்.

அப்போ யாரு?

செம்மண் கொண்டாந்து போடற ஆளு மேல மொதல்ல சந்தேகம். உப்பு மண்ணைக் கலந்துட்டானோன்னு நாக்குல வச்சுப் பாத்தேன். அப்புறம் எங்க வீட்டுக்காரரு. செடிக்குக் குழாய்த் தண்ணிதான் ஊத்தணும்னு சொல்லியிருக்கேன். கடலோர ஊரு, எங்க போர் தண்ணி கரிக்கும். இவரு சோம்பல் பட்டுக்கிட்டு காலையில போர் தண்ணியைத் திறந்து விடறாரோன்னு ஒரு டவுட்டு. கேட்டா சத்தியம் பண்றாரு. சத்தியம் பண்ணதால சந்தேகம் ஜாஸ்தி ஆச்சு.

வசந்தாவையும் நான் விடல. அவ செடிகிட்டயே வரமாட்டா. வேணும்னு கேட்டவ ஒரு வாய் தண்ணிகூட ஊத்த மாட்டா. ஒருநாள் நான் எண்ணெய்க் கையோட இருந்தப்ப, அந்தப் பையை மட்டும் நிழலுக்குத் தள்ளி வைன்னு சொன்னேன். உள்ள போய் அவ அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்து தள்ளி வைக்கச் சொன்னா. இது என்னடா கூத்துன்னு மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

இத்தனை சந்தேகத்துலயும் எனக்கு உறைக்காதது ஒண்ணு உண்டு. அந்த மாசம் பூரா என் கத்தி மொன்னையாவே ஆகல. எடுத்தா சும்மா வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. நான் தீட்டவே இல்ல. சரி, கத்திக்கு நல்ல காலம்னு விட்டுட்டேன். கெட்டது நடந்தாத்தான் எனக்கு மூக்கு வேர்க்கும், நல்லது நடந்தா ஒண்ணும் தோணாது.

சிதம்பரத்துக்கு ஒரு நடை

கடைசியில சந்தேகம் சேகர் மேல போய் நின்னுச்சு. குச்சி வெட்டிக் குடுக்கறது அவருதான். அந்த மரத்துக் குச்சிதானா, இல்ல பக்கத்துத் தோட்டத்து வேர்ப்பலாவை வெட்டி ஏமாத்தறாரான்னு நேர்ல பாத்துடலாம்னு வசந்தாவோட பஸ் ஏறினேன்.

வீடு பாதி காலி. சேகர் என்னைப் பாத்ததும் ஓடி வந்து, "வாங்கக்கா, வாங்க"ன்னு நாற்காலி போட்டு, அவரே போய் காப்பி வாங்கிட்டு வந்தாரு. சொத்துப் பிரிச்ச வீட்ல இவ்வளவு உபசாரம் எதுக்குன்னு அந்தக் காப்பியைக் கொஞ்சம் ஆற விட்டுத்தான் குடிச்சேன். அப்புறம் ஏணி வச்சு, நான் கீழ நின்னு காட்டக் காட்ட அவரே ஏறி வெட்டினாரு. போன தடவை வெட்டின காயமெல்லாம் அந்தக் கிளைங்கள்லயே பால் வடிஞ்சு காஞ்சிருந்துச்சு. குச்சி இந்த மரத்தோடதுதான். அவரு மேல சந்தேகப்பட்டது தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்ல மாட்டேன். அந்தக் காப்பி ஏன்னு எனக்கு இன்னும் தெரியல.

ஏணியை விட்டு இறங்கினவரு, இதுதான் கடைசிக்கா, அடுத்த வாரம் கிளையெல்லாம் கழிக்க ஆள் வர்றாங்கன்னாரு. ரெண்டு தடவை போயிடுச்சு, இதுவாவது வரணும்னு நான் சொன்னேன். அடுப்பங்கரை ஜன்னல்லேர்ந்து அவரு பொண்டாட்டி குரல் வந்துச்சு.

"வசந்தாக்கா கை பட்டா எதுதான் விளங்குச்சு? மரத்தையாவது விட்டு வைக்கக் கூடாதா."

வசந்தா மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தா. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா. இப்படி ஒரு பேச்சு அவ காதுல விழறது அன்னைக்குப் புதுசு இல்லன்னு அந்த இழுப்புலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ ஏன் செடிப் பையைத் தொட மாட்டேங்கறான்னும் தெரிஞ்சுது. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு.

"வசந்தா இது வரைக்கும் ஒரு செடியையும் தொடலம்மா. குச்சி வெட்டினது உன் புருஷன். சீவினது, கட்டினது எல்லாம் நான். அப்போ எந்தக் கை விளங்காத கைங்கற?"

ஜன்னல்ல ஆள் இல்ல. குச்சியை ஈரச்சாக்குல சுத்தி எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். புதுச்சத்திரம் தாண்டினதும் வசந்தா என் பக்கம் திரும்பினா. அப்புறம் மெதுவா கேட்டா. "இது வந்துடும்ல அண்ணி?" வரும்னு சொன்னேன். எந்த தைரியத்துல சொன்னேன்னு தெரியல.

துவைக்கிற கல்லு

வீட்டுக்கு வரும்போது பொழுது சாஞ்சிடுச்சு. காலையில கட்டிக்கலாம்னு குச்சியை ஈரத்துலயே வச்சுட்டேன். இந்தத் தடவை எங்க வீட்டுக்காரரை விடக் கூடாது, போர் தண்ணியைத் திறக்கறப்பவே கையும் களவுமா பிடிச்சுடணும்னு விடியும்போதே எழுந்து பின்கதவு ஓரமா நின்னேன்.

இவரு உள்ள குறட்டை விட்டுக்கிட்டிருந்தாரு. பின்பக்கத்துல கர் கர்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தேன்.

துவைக்கிற கல்லு கிட்ட வசந்தா குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கா. கல்லுல தண்ணி தெளிச்சு, என் மடக்குக் கத்தியைத் தீட்டறா. மெஸ்ல எத்தனையோ வருஷமா காய்கறிக் கத்தி தீட்டின கை. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, திருப்பி அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா, தாளம் தப்பாம. கல்லு ஓரத்துல சாம்பல் நிறத்துல கறை வழிஞ்சு நிக்குது. அந்தக் கறையை நான் முன்னாடியும் பாத்திருக்கேன். சோப்புக் கறைன்னு நினைச்சுட்டேன்.

தட்டைப் பக்கத்தையும் தீட்டித் தீட்டி அதுலயும் ஒரு சரிவு வந்திருக்கு. அப்படிப்பட்ட கத்தி குச்சி மேல படியாது, எம்பி எம்பிப் போகும். சீவின இடம் லேசா வயிறு போட்டுடும், கண்ணுக்குத் தெரியாது. இறுக்கிக் கட்டினாலும் உள்ள காத்து நிக்கும். என் கை வலிக்கக் கூடாதுன்னு இவ விடியக்காலையில எழுந்து தீட்டியிருக்கா. அவ்வளவு ஆசையா கேட்ட மரத்தை அவளே தினம் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுக்கிட்டிருந்திருக்கா.

கத்த வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள அவ கத்தியை முந்தானையில துடைச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டா. சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவோம்ல, அப்படி. கத்தியை மடக்கி, டப்பாவுல முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுட்டு, கால் சத்தம் கேக்காம உள்ள போனா.

நான் கதவுக்குப் பின்னாலயே நின்னேன். முந்தின நாள் ஜன்னல்லேர்ந்து வந்த பேச்சு காதுல ஓடுது. இன்னைக்கு நான் விஷயத்தைச் சொன்னேன்னா, அந்தப் பொம்பளை சொன்னது சரின்னு ஆயிடும். வசந்தா ஆயுசுக்கும் ஒரு செடியைத் தொட மாட்டா. பாவி, எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கேன், ஆளைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நிக்க வேண்டியதாப் போச்சு.

ஒயர் சீவின மனுஷன்

காப்பி குடிச்சதும் வசந்தாவைப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு அனுப்பினேன். குச்சி துளுக்கணும்னு வேண்டிக்கிட்டு வா, அவசரப்படாம பிரகாரம் சுத்திட்டு வான்னேன். அவ தெரு முனை திரும்பினதும் கூடத்துலயே சாணைக்கல்லைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கத்தியை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். தட்டைப் பக்கத்து ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு மின்னுச்சு. நூல் அளவுதான். அது போகணும்னா அந்தப் பக்கத்தை முழுசா கல்லு மேல படுக்க வச்சு, விளிம்பைத் தூக்காம தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். தேய்ச்சேன். தோள்பட்டை கழண்டு வந்துடும் போல இருந்துச்சு. ஈரச்சாக்குல குச்சி காத்துக்கிட்டிருக்கு, வெயில் ஏறுது, கோடு போவேனாங்குது.

இவரு குளிச்சுட்டு வந்து, என்னம்மா காலங்காத்தாலன்னு கேட்டாரு. வசந்தா கேட்டா, நீங்க கத்தியை எடுத்து ஒயர் சீவிட்டீங்கன்னு சொல்லணும்னேன்.

"நானா? நான் அதைத் தொட்டே எத்தனை வருஷம் ஆச்சு!"

"நேத்து தொட்டீங்க. உங்க தங்கச்சிக்காகத் தொட்டீங்க."

இவரு என் முகத்தைப் பாத்தாரு. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. சரிம்மான்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு பழைய ஃபேனைத் தேடி எடுத்துக் கூடத்துல பிரிச்சுப் போட்டாரு. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் இவரு மேல எனக்கு ஒரு சந்தேகமும் வராத நாள் அது ஒண்ணுதான்.

வசந்தா விபூதியோட வந்தப்ப அந்தக் கோடு போயிருந்துச்சு. அன்னைக்குப் பாதி குச்சியைச் சீவிக் கட்டினேன். சீவின முகம் கண்ணாடி மாதிரி நேரா வந்துச்சு. மீதி மறுநாளைக்கு. ராத்திரி படுக்கப் போகும்போது கத்தியை பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இல்லன்னா விடியறதுக்குள்ள மறுபடியும் கல்லு மேல ஏறிடும்.

காலையில நான் பீரோவைத் திறக்கும்போது வசந்தா பின்னாலயே நின்னா. காலி டப்பாவைப் பாத்திருக்கா, முகம் வாடியிருந்துச்சு.

"எப்பவும் டப்பாவுலதானே இருக்கும் அண்ணி. பூட்டி வைக்கறீங்க. என்மேல ஏதாவது சந்தேகமா?"

ஊரையே சந்தேகப்பட்டு அலைஞ்சவ நான். கத்தியை எடுத்து விரிச்சுக்கிட்டே, உன் மேல இல்ல, உங்க அண்ணன்தான் ஒயரைச் சீவித் தொலைச்சுட்டாருன்னு எப்படியோ சொல்லி முடிச்சேன். கூடத்துலேர்ந்து இவரு குரல் கொடுத்தாரு. ஆமா வசந்தா, நான்தான், ஃபேன் ஒயர், கறுப்பு ஒயர், சிவப்பு ஒயரையும் சீவிட்டேன்னு கேக்காததை எல்லாம் சொன்னாரு. நடிக்கத் தெரியாத மனுஷன்.

வசந்தா என்னைப் பாத்தா. என் கையில திறந்து இருந்த கத்தியைப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சரிங்க அண்ணின்னு அடுப்பு வேலையைப் பாக்கப் போயிட்டா.

புவனகிரி பஸ்

நாள் போகப் போக நான் கவரைப் பாக்கறதும் வசந்தா என்னைப் பாக்கறதுமா இருந்துச்சு. பாதிக்கு மேல இந்தத் தடவையும் போச்சு. மீதியில மூணு குச்சி மட்டும் பச்சை மாறாம நின்னுச்சு. ஒருநாள் காலையில ஒண்ணோட நுனி உப்பி, காவி நிறத்துல மொட்டு வெடிச்சிருந்துச்சு. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வசந்தா ஓடி வந்து, எட்டவே நின்னு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கு.

ஆவணியில மரத்தை வெட்டிட்டாங்கன்னு சேகர் போன்ல சொன்னாரு. வசந்தா போய்ப் பாக்கல.

புவனகிரி வீடு முடிஞ்சு அவ கிளம்பின அன்னைக்கு நல்ல மூட்டம். நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். இருந்ததுல நல்ல கன்னா ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, ஜன்னல் ஓரமா அவளை உக்கார வச்சேன். பையை அவ மடியில வச்சேன். கை ரெண்டும் முந்தானைக்குள்ளதான் இருந்துச்சு. கண்டக்டர் வந்து, செடியைப் பிடிச்சுக்கம்மா, வளைவுல சாஞ்சிடும்னு அதட்டினாரு. வேற வழியில்லாம ரெண்டு கையையும் வெளிய எடுத்துப் பையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டா.

நான் இறங்கி ஜன்னல்கிட்ட வந்து நிக்கும்போது பஸ் உறும ஆரம்பிச்சுது. வசந்தா ஜன்னல் கம்பிகிட்ட முகத்தைக் கொண்டு வந்தா.

"அண்ணன் ஒயர் சீவலன்னு எனக்குத் தெரியும் அண்ணி. அன்னைக்கே கத்தியைப் பாத்தேன். ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு."

நான் அவ மடியில இருந்த செடியைப் பாத்தேன். நாடா சுத்தின இடத்துக்குக் கீழ, கொட்டைச்செடியோட தண்டுல, பச்சையா ஒரு முளை எட்டிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. அதை விட்டு வச்சா சத்தை எல்லாம் அது தின்னுட்டு, மேல இருக்கற ஒட்டு சோந்து போயிடும்.

"ஒட்டுக்குக் கீழ துளிர் வரும் வசந்தா. இதோ பாரு, இப்பவே ஒண்ணு வந்திருக்கு. வர வர எடுத்துடணும்."

"எதால அண்ணி எடுக்கணும்?"

"கையாலதான். உன் கையாலயே கிள்ளு."

பஸ் நகந்துச்சு. நான் கூடவே நடந்தேன். வசந்தா அந்த முளையையே பாத்துக்கிட்டிருந்தா. வளைவு வர்றதுக்குள்ள ரெண்டு விரலை நீட்டி, நகத்தால நறுக்குன்னு கிள்ளி எடுத்து, ஜன்னல் வழியா எனக்குத் தூக்கிக் காட்டினா.